ஆயுத பூஜையும் ஜெர்மேனியமும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பதாக வீட்டில் சொல்வார்கள். மூக்கில் இருந்தால் ஒரு தும்மலில் போய்விடுமே. என் கோபம் நாக்கில் இருக்கிறது. அந்த நாக்கை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியத்தை எழுதிவிட்டால் மனம் கொஞ்சம் லேசாகும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். வீடு விழுப்புரத்தில். காலையில் இளங்கலை மாணவர்களுக்கு வேதியியல் வகுப்பு, மதியத்துக்கு மேல் என் சொந்த ஆராய்ச்சி, மாலையில் திரும்ப பஸ். பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஏழு வருடம் ஓடிவிட்டது. ஒரு நீட்டிப்பு வாங்கி, அதன் மேல் இன்னொரு நீட்டிப்பும் வாங்கி, அந்தக் கடைசி நீட்டிப்பு டிசம்பரோடு முடிகிற நிலையில் இருந்தேன். டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆய்வேட்டைக் கொடுக்க எனக்கு ஒரே ஒரு நல்ல படிகம் வேண்டியிருந்தது.

எதன் படிகம் என்று சொல்ல வேண்டும். நிக்கல் மாதிரி ஓர் உலோக அணுவை மூன்று கைகளால் பிடித்து வைத்துக்கொள்ளும் மூலக்கூறுகள் இருக்கின்றன. உலோகத்தைப் பிடிக்கிற மூலக்கூறைப் பள்ளிப் புத்தகத்தில் ஈனி என்பார்கள், லேபில் எல்லோரும் லிகண்ட் என்போம். இந்த வகை இடுக்கி மாதிரி கவ்விப் பிடிப்பதால் இதற்கு பின்சர் லிகண்ட் என்று பெயர். இரண்டு ஓரத்திலும் பாஸ்பரஸ், நடுவில் ஓர் அணு. நடுவில் கார்பனை வைத்து உலகம் முழுக்கச் செய்து தள்ளிவிட்டார்கள். தனிம அட்டவணையில் கார்பனுக்குக் கீழே உள்ள சிலிக்கானை வைத்தும் நிறையச் செய்திருக்கிறார்கள். அதற்கும் கீழே இருக்கிற ஜெர்மேனியத்தை வைத்துச் செய்தவர்கள் குறைவு. அதனால் என் கைடு எனக்கு ஜெர்மேனியத்தைக் கொடுத்தார். யாரும் அதிகம் போகாத பாதை ஏன் காலியாக இருக்கிறது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

என் ஜெர்மேனியத்துக்கு ஈரம் ஆகாது. காற்றில் இருக்கிற ஈரம் கொஞ்சம் உள்ளே போனாலும் போதும், கட்டிய வீடு சரிந்து ஜெர்மேனியம் தனியாக, பாஸ்பரஸ் தனியாகக் கிடக்கும். அதனால் எல்லா வேலையும் ஆர்கான் வாயுவுக்குள்தான். ஐப்பசி மழையில் சுவரே வியர்க்கிற ஊரில் இந்த வேலையைச் செய்ய ஒரு தனிப் பிடிவாதம் வேண்டும். பிடிவாதத்துக்கு என்னிடம் குறைவில்லை.

கரைசலில் எடுக்கிற சோதனைகள் எல்லாம் ‘இருக்கலாம்’ என்பதோடு நின்றுவிடும். ஜெர்மேனியம் உண்மையிலேயே நிக்கலைப் பிடித்திருக்கிறதா என்று அடித்துச் சொல்ல, ஒரு படிகத்தை எடுத்து அதில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்க்க வேண்டும். போன வருடம் எனக்கு ஒரு படிகம் கிடைத்தது. கண்ணாடி மாதிரி நிறமில்லாத படிகம். முடிவு வருவதற்குள்ளேயே துறை முழுக்க லட்டு கொடுத்துவிட்டேன். முடிவு வந்தபோது அதில் ஜெர்மேனியமும் இல்லை, நிக்கலும் இல்லை. ஈரம் பட்டு உடைந்துபோன என் லிகண்டின் மிச்சம் அது. லட்டு தின்றவர்கள் ஒரு மாதம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சூடு கண்ட பூனையாகிவிட்டேன். அதற்குப் பிறகு குடுவைக்குள் என்ன நடக்கிறது என்று யாரிடமும் வாய் திறப்பதில்லை.

இந்த முறை சேர்மத்தை டொலுயினில் கரைத்து, மேலே அதைக் கரைக்காத ஹெக்சேனை மெதுவாக மிதக்கவிட்டு, குடுவையை இறுக்கி மூடி, லேபில் இருக்கிற பழைய ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்திருந்தேன். இதற்கு முன் வைத்த நான்கு தடவையும் அடியில் மஞ்சள் தூள்தான் வந்தது. தூளில் அமைப்பைப் பார்க்க முடியாது. இது ஐந்தாவது தடவை. ஜெர்மேனியம் உப்பும் இத்தோடு தீர்ந்துவிட்டது. மறுபடி வரவழைக்க இரண்டு மாதம் ஆகும் என்று கைடு சொல்லிவிட்டார். அதாவது டிசம்பர் தாண்டிவிடும்.

எங்கள் லேபைப் பார்த்துக்கொள்கிற அக்கா கூட்டேரிப்பட்டிலிருந்து வருகிறவர். ஐம்பது வயது இருக்கும். ஒப்பந்த வேலை. பெருக்குவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் அவர்தான். அவர் கழுவிய குடுவையில் ஒரு சொட்டுக் கறை பார்க்க முடியாது. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். ஏழு வருடத்தில் எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டைகூட வந்ததில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை, விஜயதசமி, சனி, ஞாயிறு என்று நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. விடுமுறைக்கு முந்தின நாள் மாலை லேபைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துப் பொரி கடலை படைப்பது எங்கள் வழக்கம். எனக்கு வீட்டில் சாமான் வாங்க வேண்டியிருந்தது. “நீங்க பாத்துக்குங்கக்கா” என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே பஸ் ஏறிவிட்டேன்.

திங்கள்கிழமை காலை லேபுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஃப்ரிட்ஜ். கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே செய்தித்தாள் மடித்து விரித்திருந்தது. பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, மேலே வைத்திருந்தது. கதவில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். தராசுக்கு ஒரு பொட்டு, வெற்றிட பம்புக்கு ஒரு பொட்டு, ஆர்கான் சிலிண்டரின் கழுத்தில் வாடிப்போன சாமந்திச் சரம். அக்கா பொரி சிந்தியிருந்த தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஃப்ரீசர்ல இருந்த என் குடுவை எங்கக்கா?”

“பத்திரமா வச்சிக்கினு இருக்கேன் மேடம். ப்ரிஜ்ஜு பூரா ஐஸு கட்டிக்கினு இருந்துச்சி. நிறுத்திக் கழுவி வுட்டேன். ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் லீவு வுடணும் இல்ல? அன்னிக்கி ஒரு நாளாவது அது ஓடாம இருக்கட்டும்னு பிளக்க எடுத்துட்டேன்.”

அவரே போய்க் கீழ் அலமாரியைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சுற்றிலும் பஞ்சு அடைத்து, சாயாமல் ஆடாமல் நிற்கும்படி என் குடுவையை வைத்திருந்தார். குடுவையின் வயிற்றிலும் ஒரு பொட்டு இருந்தது.

நான்கு நாள். ஃப்ரீசருக்குள் இருக்க வேண்டியது நான்கு நாள் அந்தப் புழுக்கத்தில் இருந்திருக்கிறது. என் தலைக்குள் என்னவோ அறுந்தது.

“உனக்கு அறிவிருக்கா? யாரக் கேட்டு எடுத்த? இது இன்னான்னு தெரியுமா உனக்கு? என் ஏழு வருஷம்டி இது!” என்று கத்தினேன். ‘அக்கா’வும் போனது, ‘ங்க’வும் போனது, கடைசியில் ‘டி’யும் வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. “இனிமே இந்த லேப் பக்கம் வராத. சார் கிட்ட சொல்லி வேற ஆளப் போடச் சொல்றேன்” என்றும் சொன்னேன். அவர் ஒப்பந்த வேலையில் இருப்பவர் என்பதும், கைடு ஒரு வார்த்தை சொன்னால் அவர் வேலை போய்விடும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவர் விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். நான் குடுவையை எடுத்துக்கொண்டு கழிவைக் கொட்டுகிற இடத்துக்குப் போனேன். மூடியில் கை வைத்துவிட்டேன். அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

“உள்ள கல்லு கல்லா மின்னுதே மேடம். அதயுமா கொட்டப் போறீங்க?”

சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குடுவையைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். கண்ணாடிச் சுவரில், கரைசல் முடிகிற மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஆரஞ்சு நிறத்தில் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. உடைத்த கற்கண்டு மாதிரி ஓரம் கூராக, பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிற அளவில். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நடந்தது என்னவென்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. முந்தைய நான்கு தடவையும் ஃப்ரீசரின் குளிரில் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்து தூளாகக் கொட்டியிருக்கிறது. இந்தத் தடவை தூள் விழுவதற்குள் வெளியே வந்துவிட்டதால், இருட்டில், ஆட்டமே இல்லாமல், மேலிருந்த ஹெக்சேன் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, மூலக்கூறுகளுக்கு வரிசையில் நிற்க நேரம் கிடைத்திருக்கிறது. அவசரப்பட்டால் படிகம் வராது என்று வருடா வருடம் பசங்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். நான்கு தடவை தூள் வந்தும் ஐந்தாவது தடவையும் கொண்டுபோய் ஃப்ரீசரில்தான் வைத்தேன்.

அப்போதே ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டிருக்கலாம். கேட் வரை போயிருக்க மாட்டார். கூப்பிடவில்லை. இது நல்ல படிகமா, போன வருடத்தைப் போல உடைந்த சரக்கா என்று தெரியாமல் எதற்குப் போய் நிற்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது. முடிவு நல்லபடி வந்தால் அந்த மூச்சில் கேட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மறுநாள் குடுவையை ஒரு டப்பாவில் வைத்து, அவர் அடைத்திருந்த அதே பஞ்சை அடைத்து, சென்னைக்கு பஸ் ஏறினேன். படிகத்தைப் பார்க்கிற எந்திரம் அங்கேதான் இருக்கிறது. டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்து ஆட்டத்தை என் முழங்காலில் வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “இன்னாம்மா அது, கோழிக் குஞ்சா?” என்று கேட்டார். “இல்லீங்க, மருந்து” என்றேன். “பாவம், யாருக்கு?” என்றார். எனக்குத்தான் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பொறுமைசாலி. ஜெர்மேனியம் பிடித்த நிக்கல், அந்த நிக்கலோடு வந்த இரண்டு குளோரின் என்று நான் வரைந்திருந்த மூலக்கூறுப் படத்தை முதலில் வாங்கி வைத்துக்கொண்டார். படிகத்தை எண்ணெய்க்குள் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஊசி முனையில் ஏற்றினார். திரையில் முதல் புள்ளிகள் வந்தன. “நல்லா இருக்கு மேடம்” என்றார். “ஆனா உள்ள இன்னா இருக்குன்னு முழுசா ஓடி முடிஞ்சாத்தான் சொல்ல முடியும். நாளைக்குச் சாயந்திரம் போன் பண்றேன்.” போன வருடமும் புள்ளிகள் நன்றாகத்தான் இருந்தன. அதனால் நான் சிரிக்கக்கூட இல்லை.

புதன்கிழமை லேபுக்குப் போனேன். அக்கா வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை என்று பக்கத்து அறையில் சொன்னார்கள். கோபித்துக்கொண்டு லீவு போட்டிருக்கிறார், தானாக வருவார் என்று நினைத்துக்கொண்டேன். கழுவாத குடுவைகள் தொட்டியில் குவிந்திருந்தன. அன்றைக்கு நான்கு வகுப்பு எடுத்தேன், எதை எடுத்தேன் என்று ஒன்றும் நினைவில் இல்லை. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் போனைப் பார்த்தேன். டிசம்பர், டிசம்பர் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மாலை விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திண்டிவனத்தைத் தாண்டியதும் போன் அடித்தது.

“மேடம், ஜெர்மேனியம் இருக்குது. நிக்கல் இருக்குது. ரெண்டையும் சேக்கிற பாண்டு பளிச்சுனு இருக்குது. ஒரு விஷயம்தான், நீங்க ரெண்டு குளோரினையும் நிக்கல் மேலதானே வரைஞ்சிருந்தீங்க? அதுல ஒண்ணு நிக்கல வுட்டுட்டு ஜெர்மேனியத்து மேல போய் குந்திக்கினு இருக்குது.”

எனக்கு அது போதும். என் படம் தப்பு, மூலக்கூறு சரி. குளோரின் இடம் மாறி உட்கார்ந்ததால்தான் ஜெர்மேனியம் நிக்கலை அவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்துக்கு அதுவே கரு. இனி டிசம்பர் வந்தாலும் பயமில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதேன். அடக்க முடியவில்லை. ஏழு வருடமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

கண்டக்டர் வந்து குனிந்து பார்த்தார். “இன்னாம்மா ஆச்சி? யாருக்காவது ஒடம்பு முடியலியா?”

“ஒண்ணும் இல்லீங்க. பொழச்சிக்கிச்சி.”

“அப்புறம் இன்னாத்துக்கு அழுவுறீங்க? நாங்கூட பேஜாராயிட்டேன்” என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

அதற்குள் எந்திரக்காரர் உண்மையான மூலக்கூறின் படத்தைப் போனுக்கு அனுப்பிவிட்டார். திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றது. தலையைத் தூக்கினால், எதிரே நிழற்குடையில் அக்கா உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வரும்போது கட்டுகிற அதே நீலப் புடவை. மடியில் அதே சாப்பாட்டுப் பை. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அடித்துப் பிடித்து இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“இன்னா மேடம் இங்க எறங்கிட்டீங்க?”

“நீங்க இங்க இன்னா பண்றீங்க? எங்க போயிட்டு வர்றீங்க?”

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வூட்டுல சொல்லல மேடம். அவரு லாரி ஓட்டி இடுப்பு போயி குந்திக்கினு இருக்காரு. வேல போச்சின்னு எப்பிடி சொல்றது? எப்பயும் போல காலைல டப்பா கட்டிக்கினு கெளம்பிடுவேன். மயிலம் கோயில்ல குந்திக்கினு இருப்பேன். அஞ்சர பஸ்ஸு வந்ததும், அதுல வந்து எறங்குனாப்புல வூட்டுக்குப் போவேன்.”

கண்டக்டருக்கு முன்னால் வந்த அழுகை இப்போது வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. என் படிகத்துக்காக நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளும், இவர் கோயில் படியில் சாயந்திரம் ஆவதற்காகக் காத்திருந்திருக்கிறார்.

“சார் கிட்ட நான் ஒண்ணும் சொல்லலக்கா. சொல்லவும் மாட்டேன். என் வாயிதான். தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க” என்றேன். ஒரே மூச்சில் சொன்னதால் பாதி அவர் காதில் விழுந்திருக்காது. எனக்குக் கை பரபரத்தது. போனை எடுத்து அந்தப் படத்தை அவர் முன்னால் நீட்டினேன். “இங்க பாருங்கக்கா. நீங்க அலமாரியில வச்சீங்களே, அதுக்குள்ள இருந்தது இதுதான். இந்தப் பச்சை உருண்டை நிக்கல். அதப் புடிச்சிக்கினு இருக்கிற இந்த ஊதா உருண்டைதான் ஜெர்மேனியம். நீங்க வெளிய எடுத்து வச்சதாலதான் இது வந்துச்சி. இல்லன்னா இந்தத் தடவையும் வெறும் தூளுதான்.”

அவர் படத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு மெதுவாக என் கையைப் போனோடு சேர்த்துக் கீழே இறக்கினார்.

“அதெல்லாம் நல்லா இருக்கட்டும் மேடம். நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா வேணாமா? அதச் சொல்லுங்க மொதல்ல.”

“வாங்கக்கா. நீங்க வராம அங்க ஒண்ணும் நடக்காது.”

அவர் அப்படியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு நீண்ட மூச்சு விட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் பையைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்தார். காலையில் கட்டிய புளிசோறு, ஓரத்தில் எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் அரைத்த துவையல். தொடாமல் அப்படியே இருந்தது.

“நேத்து சோத்த நாய்க்குப் போட்டேன் மேடம். ரெண்டு நாளா ஒரு வாயி எறங்கல” என்றார்.

மூடியில் எனக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துத் தள்ளினார். விழுப்புரம் பஸ் ஒன்று வந்து நின்றுவிட்டுப் போனது. நான் எழுந்திருக்கவில்லை. அவர் தலையை நிமிர்த்தாமல் கவளம் கவளமாக, டப்பா காலியாகும்வரை சாப்பிட்டார்.